இரைப்பைப் பாண்ட் கழற்றிய பின், குறைத்த நிறையை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கரடிப்போக்கு, கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். வன்னிக்குள் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. 1998இல் இலண்டனுக்குப் போய், அம்மாவைப் பார்க்க ஆளில்லாத நிலையில் 2022இல் ஊருக்குத் திரும்பியவள். 2011இல் என் நிறை 112 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர், நீரிழிவும் இருந்தது. அந்த ஆண்டுதான் அங்கே எனக்கு இரைப்பைப் பட்டி, பேச்சுவழக்கில் பாண்ட், பொருத்தினார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரைப்பையின் மேல் முனையைச் சுற்றிச் சிலிக்கன் வளையம் ஒன்றைப் பூட்டிவிட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு குமிழின் வழியே ஊசியால் சேலைன் ஏற்றி அந்த வளையத்தை இறுக்குவார்கள், தேவையானால் அதே வழியால் சேலைனை எடுத்துத் தளர்த்துவார்கள். இரைப்பையை வெட்டுவதுமில்லை, குடலைத் திருப்பி இணைப்பதுமில்லை. மூன்று ஆண்டுகளில் 74 கிலோவுக்கு வந்தேன். பத்து ஆண்டுகளாக அதிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் நான் விலகியதில்லை.

2024இன் கடைசியில் தொல்லை தொடங்கியது. படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வரும். மூன்று தலையணை அடுக்கி இருந்தபடியே தூங்கினேன். சாப்பிட்டது அரை மணி நேரத்தில் அப்படியே வெளியே வந்தது. வெள்ளைக் குழம்பு ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்றே எடுத்த வைத்தியர், வளையம் வழுகிவிட்டது, அதற்கு மேலுள்ள பை பெருத்துவிட்டது என்றார். சேலைனை முழுவதும் எடுத்துப் பார்த்தும் சரிவரவில்லை. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சிறு துளைகள் வழியாகவே அதைக் கழற்றி எடுத்தார்கள். அன்று என் நிறை 75. இன்று, பதினொரு மாதம் கழித்து, 83.

கழற்றி ஆறாவது கிழமை, எல்லா உணவும் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு, அம்மா புட்டு அவித்தார். பதினான்கு ஆண்டுகளாக எனக்குப் புட்டு என்றால் மூன்று வாய், நாலாம் வாய்க்கு நெஞ்சுக்குள் ஒரு கல் வந்து நிற்கும். அந்தக் கல் வந்தால் கையைக் கழுவிவிடுவேன். அன்று நாலாம் வாய் வைத்துவிட்டுக் கல்லுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்தாம் வாயும் இறங்கியது. கோப்பை வெறுமையானபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோசம். எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

இப்போது மூன்று விடயங்களில் திண்டாடுகிறேன். முதலாவது பசி. பாண்ட் இருந்த காலத்தில் எனக்குப் பசியே பெரிதாகத் தெரிந்ததில்லை. இப்போது பின்னேரம் நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் கைகால் பதறுமளவுக்கு வருகிறது. இரண்டாவது, பாண்ட் காலத்தில் பழகிய மெதுவான உணவுகள். சோறும் பாணும் இறைச்சியும் அடைத்துக்கொள்ளும் என்பதால், தேநீரில் தோய்த்த பணிஸ், பாயாசம், ஐஸ்கிறீம் என்று வழுக்கிக்கொண்டு போகிறவற்றால் வயிற்றைச் சமாளிக்கப் பழகியிருந்தேன். இப்போது சோறும் இறங்குகிறது, அந்தப் பழக்கமும் போகவில்லை. மூன்றாவது அம்மா. அவர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் இருந்து மீண்டவர். நான் கோப்பையில் மிச்சம் வைத்தால் அவர் ஒன்றும் பேசுவதில்லை. அந்த மிச்சத்தை எடுத்துத் தானே சாப்பிடுகிறார். அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு இப்போது மனமும் இல்லை, பணமும் இல்லை. குறைத்ததில் பெரும்பங்கையாவது காப்பாற்றிய யாராவது இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள். நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன்.


பதில்: தாதிய உத்தியோகத்தர், வவுனியா

அக்கா, நான் பதினேழு ஆண்டுகளாக வைத்தியசாலை விடுதியிலும் கிளினிக்கிலும் வேலை செய்கிறேன். பாண்ட் போட்டவர்களை இங்கே அரிதாகத்தான் காண்கிறோம், அவர்களும் பெரும்பாலும் உங்களைப்போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான். ஆகவே வைத்தியரின் இடத்தில் நின்று நான் எழுதவில்லை. என்றாலும் சில விடயங்களைத் தெளிவாகச் சொல்லலாம்.

முதலில், இந்த எட்டுக் கிலோவை உங்கள் குற்றமாக எண்ண வேண்டாம். பாண்ட் வெறும் வாசல் கதவு மட்டுமாக இருக்கவில்லை. இரைப்பையின் மேல் முனையில் அது கொடுத்த அழுத்தம் அங்குள்ள நரம்புகள் வழியாகப் போய், மூளைக்குப் "போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பசி தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அது. கழற்றியதும் அந்தச் செய்தி நின்றுவிட்டது. அதோடு, நிறை குறைந்த உடல் பழைய நிறைக்குத் திரும்பவே முயலும். கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஓமோன் குறைகிறது, இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியின் அளவும் குறைகிறது. உணவுக் கட்டுப்பாட்டால் நிறை குறைத்தவர்களை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓராண்டு கழிந்த பின்னும் இந்த ஓமோன் மாற்றங்கள் நீங்கவில்லை என்று காட்டியது. பதினான்கு ஆண்டுகளாக மறைந்திருந்த பசி ஒரே நாளில் திரும்பினால் கைகால் பதறத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் எழுதிய அந்தப் பதற்றத்தை நான் பசி என்று மட்டும் எடுத்துக்கொள்ளமாட்டேன். கிளிக்ளசைட் குருதியில் சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடிய குளிசை. நான்கு மணிக்கும் பத்து மணிக்கும் நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு வந்தால், எதையும் வாயில் வைப்பதற்கு முன் விரலில் குத்திச் சீனி பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால் அது மருந்தால் வந்த தாழ்நிலை. உடனே இனிப்பாக ஏதாவது எடுத்துச் சரிசெய்துவிட்டு, அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவர் தீர்மானிப்பார். சீனி இறங்குவதும், அதைச் சரிசெய்யச் சாப்பிடுவதும், சாப்பிட்டதால் நிறை ஏறுவதும் ஒரு சுற்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இரண்டாவது, புரதம். பசியை நெடுநேரம் அடக்குவது அதுதான். இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் எடுக்கச் சொல்வது வழக்கம். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவும், உள்ளங்கையளவு மீன் துண்டில் இருபது கிராமுக்குக் கிட்டவும் இருக்கும். அவித்த பயறு, கடலை, தயிர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அறுபதுக்கு வந்துவிடலாம். ஆனால் வன்னியில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் இருக்கிறது. உங்களுக்கு நீரிழிவும் இருக்கிறது. ஆகவே புரதத்தைக் கூட்டுவதற்கு முன் குருதியில் கிரியேற்றினினும் சிறுநீரில் புரதமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புரதப் பவுடர் டப்பாவை வாங்கிவிட்டுப் பிறகு கேட்க வேண்டாம். அதே குருதியில் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐம்பதைக் கடந்த பெண்களில் நிறை ஏறும்போது அதையும் பார்த்துவிடுவது நல்லது.

மெதுவான உணவைப் பற்றி நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பாண்ட் போட்டவர்கள் பலரிடம் இருக்கும் பழக்கம் அது. சோற்றைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் தேநீரையும் பணிஸையும் பற்றிக் கவலைப்படுங்கள். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் ஐம்பது கிராம் சீனி, அதுவே 200 கலோரி. அது ஒரு பேணி சோற்றுக்குச் சமம், ஆனால் பசி ஆறுவதில்லை. மென்று விழுங்க வேண்டிய உணவுக்குத் திரும்புங்கள். பாண்ட் உங்களுக்குச் சிறு வாய், நிறைய மெல்லல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமை ஆகிய மூன்றையும் கற்றுத்தந்திருக்கும். வளையம் போனாலும் அந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வெயிலுக்குத் தண்ணீர் நிறையத் தேவை. அதைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் குடியுங்கள்.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் நிறை குறைத்து அதை ஓராண்டுக்காவது காத்தவர்களைச் சேர்க்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கிழமைக்கு ஒருமுறையாவது நிறை பார்க்கிறவர்கள். பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறவர்கள். அவர்கள் எல்லோரும் பாண்ட் போட்டவர்கள் அல்லர் என்றாலும், காப்பதற்கான வேலை ஒன்றுதான். உங்கள் உயரத்துக்கு 83 கிலோ என்பது உடற்திணிவுச் சுட்டி 33. 74இல் அது 30க்குச் சற்றுக் கீழே. எங்களைப் போன்ற ஆசிய உடலமைப்புக்கு 27.5ஐயே அதிக ஆபத்தின் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுவதால், நிறை ஏறிக்கொண்டே போனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. பாண்ட் கழற்றியவர்களுக்கு, உள்ளே புண் ஆறிய பின், இரைப்பையைக் குழாய்போலச் சுருக்கும் சிகிச்சையோ, குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸோ செய்யும் வழி இருக்கிறது. ஊசியாகப் போடும் செமகுளூட்டைட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன, ஆனால் நிறுத்தினால் நிறை பெரும்பாலும் திரும்பி வருகிறது, விலையும் அதிகம். இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் கதவு மூடியிருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

திரும்பவும் வாந்தி, விழுங்க முடியாமை, காய்ச்சலோடு வயிற்று வலி, கறுப்பாக மலம் போதல், இவற்றில் எது வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.


பதில்: தென்னங்காணி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, நானும் பாண்ட் இழந்தவன்தான். 2007இல் சுவிஸில் போட்டது. அது இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது என்று 2018இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டில் பதினான்கு கிலோ ஏறினேன். பிறகு ஒன்பதை இறக்கினேன். மிச்சம் ஐந்து கிலோவோடு ஆறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். முழுவதையும் இறக்க முடியவில்லை. ஆனால் பதினான்கு நாற்பதாகவில்லை, எனக்கு அது பெரிய விடயம்.

நீங்கள் எழுதிய அந்தக் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். அது போனதும் எனக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை, ஏனென்றால் நிறுத்தும் வேலையைப் பதினொரு ஆண்டுகளாக அதுதான் செய்தது. அதை வயிற்றுக்குள் தேடுவதை விட்டுவிட்டு வெளியே ஒரு கல்லை வைத்தேன். என் கல் ஓர் அகப்பையும் ஒரு சின்னச் சில்வர்க் கோப்பையும். சோறு இரண்டு அகப்பை, தட்டையாக. சட்டியை மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அடுப்படியிலேயே போட்டுக்கொண்டு, மூடியை மூடிவிட்டு வந்து இருப்பேன். முதலில் மீனும் கீரையும், பிறகு மரக்கறி, கடைசியில் சோறு. சோற்றை முதலில் தொட்டால் எனக்கு அளவு தவறிவிடுகிறது. முடித்த பின்னும் வேண்டும் போல இருந்தால் எழுந்துபோய்ப் பத்துத் தென்னைக்குத் தண்ணீர் கட்டுவேன். அது இருபது நிமிட வேலை. திரும்பி வரும்போது பெரும்பாலும் அந்த எண்ணம் போயிருக்கும். போகாத நாளில் இன்னுமொரு துண்டு மீன் சாப்பிடுவேன், சோறு அல்ல.

சனிக்கிழமை முழுகுவதற்கு முன் நிறை பார்ப்பேன். மாட்டுக்கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைக்கிறேன், வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும் என்று. என் எல்லையிலிருந்து இரண்டு கிலோ ஏறினால், அடுத்த சனிக்குள் தேநீரும் மாலைத் தீனும் திருத்தத்துக்கு வரும். ஐந்து கிலோ ஏறிய பிறகு இறக்குவதற்கும் இரண்டு ஏறும்போதே பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம், மடை உடைந்த பிறகு மண் போடுவதற்கும் கசியும்போதே ஒரு மண்வெட்டி மண் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

சுவரில் எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. எனக்கு நிறை ஏறுவது ஆண்டு முழுவதும் அல்ல. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரியில்தான். ஒழுங்கையெல்லாம் வெள்ளம், தோட்ட வேலை இல்லை, நடை இல்லை, வீட்டுக்குள் இருந்துகொண்டு வறுத்த கச்சான். நான் கச்சான் விளைகிற ஊர்க்காரன், எங்கள் வளவிலேயே மூடை இருக்கும். ஒரு சிறங்கை, முப்பது கிராம் அளவு, 170 கலோரி என்று அறிந்த பிறகு, மூடையிலிருந்து அள்ளுவதை நிறுத்தி ஒரு சின்னப் பேணியில் அளந்து எடுக்கிறேன். மாரி காலத்தில் நடைக்குப் பதிலாக வீட்டு விறாந்தையில் இரண்டு தண்ணீர்க் கான்களைத் தூக்கி இறக்குகிறேன். நடப்பது மட்டும் போதாது, தங்கச்சி. நிறை குறைந்தபோது தசையும் சேர்ந்து குறைந்திருக்கும், அதைத் திரும்பக் கட்ட ஏதாவது பாரம் தூக்க வேண்டும். உங்களுக்கு இரணைமடுக் குளக்கட்டு கிட்டத்தானே. விடியப்புறம் வெயில் ஏறுவதற்கு முன் நடக்க அதைவிட நல்ல இடம் வன்னியில் எனக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டை நான் முற்றாக விட்டுவிட்டேன், ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர்தான். அதையும் செய்து பாருங்கள்.


பதில்: தாதிய உத்தியோகத்தர், வவுனியா

அண்ணை எழுதியதில் கடைசி வரியை மட்டும் அக்கா பின்பற்ற வேண்டாம். கிளிக்ளசைட் எடுக்கும் ஒருவர் இரவுச் சாப்பாட்டை விட்டால், தூக்கத்திலேயே சீனி இறங்கிப்போகலாம், அது ஆபத்து. இரவுக்குச் சிறிதாக, முட்டையோடு ஒரு குரக்கன் ரொட்டி அல்லது பயற்றங் கறியோடு இரண்டு இடியப்பம் என்று, படுக்கைக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னரே முடித்துக்கொள்ளுங்கள். புளித்த நீர் மேலேறும் தொல்லைக்கும் அது நல்லது. மற்றவை யாவும் நான் கிளினிக்கில் சொல்ல நினைப்பவைதான்.


பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, முள்ளியவளை

பிள்ளை, பாண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நானும் அந்த மண்ணில் இருந்தவள். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமே போட்ட கஞ்சிக்கு ஏதனத்தோடு வரிசையில் நின்றிருக்கிறேன். என் முறை வந்தபோது கிடாரத்தின் அடி தெரிந்துவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தது இன்றைக்கும் கனவில் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் கோப்பையும் பயம், மிச்சம் கிடக்கும் கோப்பையும் பயம். வெறும் கோப்பையைக் கண்டால், இன்னும் பசிக்கிறதோ என்று அகப்பை தானாகக் கைக்கு வரும். மிச்சத்தைக் கண்டால், எறிந்துவிடுவார்களோ என்று வயிறு எரியும். அதனால்தான் உன் அம்மா அதை எடுத்துச் சாப்பிடுகிறார். உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே.

என் மருமகளுக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு சீனி வந்தது. அவள் நான் போட்டதில் மிச்சம் வைத்தே நிறையைக் குறைத்தாள், நான் மிச்சம் தின்றே எட்டுக் கிலோ ஏறினேன். ஒருநாள் அவள் ஒரு சின்னக் கோப்பையை வாங்கி வந்து, "மாமி, இதற்குள் கொள்ளுகிற அளவு நீங்களே போட்டுத் தாருங்கள், ஒரு பருக்கையும் விடமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். நான் போட்டேன், அவள் துடைத்துச் சாப்பிட்டாள், எடுத்து எறிய ஒன்றும் இல்லை. எனக்கும் மனம் ஆறியது. முன்பு நான் கட்டாயப்படுத்தி அவள் மறுத்தாள். இப்போது அளவு என் கையில் இருக்கிறது, அதனால் அந்த அளவைக் காப்பதும் என் பொறுப்பாகிவிட்டது. இரண்டாம் முறை கேட்டு அவளே வந்தாலும் நான்தான் இப்போது "போதும் பிள்ளை" என்கிறேன்.

அதனால் உன் அம்மாவிடம் மறைக்காதே. கொழும்பில் எடுத்த அந்த எக்ஸ்றேப் படம் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டு. வளையம் இருந்த இடத்தைக் காட்டி, "இதுவரை இது என்னைக் காத்தது, இனி நீங்கள்தான்" என்று சொல். நிறை ஏறினால் கால், கண், சிறுநீரகம் எல்லாம் சீனியால் பழுதாகும் என்பதையும் சொல். பசியிலிருந்து பிள்ளைகளைக் காத்த பெண்களுக்கு, வருத்தத்திலிருந்து பிள்ளையைக் காப்பது எப்படி என்று சொன்னால் விளங்கும். சமைப்பதை அவரிடமிருந்து பறித்துவிடாதே. மீன் குழம்பு வை, முருங்கையிலை வறை வறு, வல்லாரைச் சம்பல் அரை என்று கேட்டு வாங்கிச் சாப்பிடு. கேட்டுச் சாப்பிடுகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் வற்புறுத்திப் போடமாட்டாள்.

துவசம், பொங்கல், கோயில் அன்னதானம் என்று போகும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கடினம்தான். இலையில் இருந்தால் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் என் மருமகளைப் பரிமாற விட்டுவிடுவேன். பரிமாறுகிறவளின் இலையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.


கரடிப்போக்கு, கிளிநொச்சி

மூவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று ஆறு கிழமை எடுத்துக்கொண்டேன்.

முதல் கிழமையே விரலில் குத்திப் பார்த்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு ஒருநாள் 64, இன்னொரு நாள் 61. இரவு பத்து மணிக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. கொப்பியைக் கிளினிக்கில் காட்டியதும் வைத்தியர் கிளிக்ளசைட்டைப் பாதியாகக் குறைத்தார். பின்னேரப் பதற்றம் நின்றுவிட்டது. நான் பசி என்று நினைத்துப் பணிஸ் தின்ற அத்தனை நாளும் அது பசியே இல்லை. இரவுப் பசி உண்மையான பசிதான், அது இன்னும் இருக்கிறது. குரக்கன் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக் கொஞ்சம் சமாளிக்கிறேன், சில நாளில் தோற்கிறேன். கிரியேற்றினின் நல்லபடியாக இருக்கிறது. தைரொயிட்டும் சரி.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் சாப்பிட்டாய்" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் அவர் தேடி எடுத்த கோப்பை, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பிட்ட எனாமல் கோப்பை. இடப்பெயர்வுகளில் எப்படித் தப்பியது என்று கேட்டேன், சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன் என்றார். விளிம்பில் நீலம் கழன்றிருக்கிறது. அதற்குள் இரண்டு அகப்பைக்கு மேல் கொள்ளாது. முருங்கையிலை வறையை முதலில் வைத்து, நான் அதை முடிக்கும்வரை சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

குளக்கட்டில் கிழமைக்கு ஐந்து நாள் நடக்கிறேன். தண்ணீர்க் கான் தூக்கத் தொடங்கியிருக்கிறேன், இப்போதைக்கு அரைக் கான். நேற்றுச் சனிக்கிழமை நிறை 81.4. 74க்கு நான் திரும்புவேனோ தெரியாது. அண்ணை சொன்னதுபோல எல்லையை 80 என்று வைத்துச் சுவரில் எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது: தழும்புக்குக் கீழே, பழைய குமிழ் இருந்த இடத்தில், பாரம் தூக்கும்போது சற்று இழுக்கிறது. அது வழமையானதா?


பதில்: தாதிய உத்தியோகத்தர், வவுனியா

அக்கா, குமிழைத் தசைமேல் தைத்து வைத்திருப்பார்கள் என்பதால் தழும்பு இழுப்பது நடக்கக்கூடியது. ஆனால் இருமும்போது அந்த இடத்தில் முட்டைபோலப் புடைத்து, படுத்தால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டும்வரை கானைத் தூக்காமல், நடையை மட்டும் தொடருங்கள். அடுத்த கிளினிக் நாளிலேயே காட்டிவிடுங்கள்.